அப்பா கலக்கிய கஞ்சி

1

ஜெர்மனியில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாடு ஏழரை மணிக்கு. என் பொறுப்பில் இருக்கும் கிழவி ஃபிராவ் க்ராமருக்கு ரொட்டி கடிக்க முடியாது. ஓட்ஸ் மாவைச் சூடான பாலில் கட்டியில்லாமல் கலக்கி, கைப்பிடி வைத்த பெரிய கப்பில் எடுத்துப்போவேன். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியை நெஞ்சுப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சிறுசிறு வாயாகக் குடிக்கவைப்பேன். குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என் மகளைவிட நல்லவள்" என்பார். அவருடைய மகள் ரயிலில் வந்தால் அரை நாள் தூரத்தில் இருக்கிறாள். என் அப்பா இருக்கும் திருநெல்வேலிப் பேட்டைக்கு இங்கிருந்து ரயிலும் இல்லை.

அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் அப்பாவின் ஞாபகம் வரும்.

இந்த ஊருக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கணவருக்கு ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. போன வருடம் பேட்டையில் அம்மா இறந்துபோனாள். அவள் நோயில் விழுந்தபோது ஓடிப்போய்ச் சில வாரங்கள் கூட இருந்தேன். விடுப்பு தீர்ந்தது, திரும்பி வந்தேன். அடுத்த முறை போனது அவளுடைய காரியத்துக்கு.

அப்பா லேத் பட்டறையில் காலமெல்லாம் நின்றவர். கடைந்த இரும்பு உருளையில் முடியளவு வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்து ஓரமாக வீசிவிடுவார். ஆனால் அடுப்படியில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. காரியம் முடிந்து சொந்தங்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, காலையில் என்ன சாப்பிடுவார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் மெஸ்ஸில் சொல்லியாயிற்று. மெஸ்காரர் காலையில் வரமாட்டார்.

இங்கிருந்து கொண்டுபோயிருந்த பெரிய கப்பை எடுத்து, "இந்த மக்குல கலக்கிக் குடிச்சிருங்கப்பா, ரெண்டு நிமிசம்தான்" என்றேன்.

அப்பா திடுக்கிட்டார். "மக்குலயா? குளிக்கிற மக்குலயா கஞ்சி குடிக்கச் சொல்லுத?"

"இது வேறப்பா. கப்புன்னு வச்சுக்கிடுங்க."

வறுத்து அரைத்த சத்துமாவு இரண்டு கரண்டி. முதலில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைக்க வேண்டும். எடுத்தவுடனே வெந்நீரை ஊற்றினால் கட்டி தட்டிவிடும். குழைத்த பிறகு, கெட்டிலில் தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே கலக்கி, நான் எப்போதோ வாங்கிக் கொடுத்திருந்த மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து, பொங்கி வரும்போது எடுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் பால், நுணுக்கிய கருப்பட்டி. அவ்வளவுதான். மத்தியானம் வரை தாங்கும்.

முதல் நாள் அப்பா என் பேச்சைக் கேட்காமல் வெந்நீரை ஊற்றிவிட்டார். கப்புக்குள் உருண்டை உருண்டையாக மிதந்தது. கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து மென்றபடி, "கொழுக்கட்டை நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

திரும்பி வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் கணவர் கேட்டதற்கு, "அப்பாவுக்கு ஒரு வழி பண்ணிட்டு வந்துட்டேன்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். ஒரு கெட்டில், ஒரு கப்பு, ஒரு டப்பா மாவு. அதைத்தான் வழி என்று சொல்லியிருக்கிறேன்.

2

அப்பாவை மூன்று மாதம் இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். அவருக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். என் மனசாட்சிக்காக என்றும் சொல்லியிருக்கலாம்.

ஒருவரை விருந்தாளியாக அழைப்பதற்கு இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அவருடைய சோறு, துணி, மருத்துவம், திரும்பிப் போவது எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். பெற்ற தகப்பனுக்கு மூன்று மாதம் சோறு போடுவேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற இடம் அது. கையெழுத்துப் போடும்போது, இதுவரைக்கும் ஏன் போடவில்லை என்று யாராவது கேட்பார்களோ என்று எனக்கு ஒரு கூச்சம் இருந்தது.

அந்தக் கூச்சத்தில் மொழியும் காலை வாரியது. 'பார்க்க வருவது' என்பதற்கு ஜெர்மனில் 'பெஸூஹன்', 'முயன்று பார்ப்பது' என்பதற்கு 'ஃபெர்ஸூஹன்'. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம், "என் அப்பா மூன்று மாதம் என்னை முயன்று பார்க்க வருகிறார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "முயன்று பார்க்கட்டும்" என்றார் சிரிக்காமல்.

வீட்டில் சொன்னபோது நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு இந்த மொழியில் கனவே வரும். தமிழில் பேசச் சொன்னால்தான் நடுவில் நின்று சொல் தேடுவாள். தேடிக் கிடைக்காவிட்டால் பேச்சையே விட்டுவிடுவாள். தாத்தாவிடம் அவள் பேசுவது மூன்று வாக்கியம். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, அம்மாட்ட குடுக்கிறேன்.

சென்னையில் விசாவுக்கு அப்பா நேரில் போக வேண்டும். தேதி வாங்கியாயிற்று. கூட்டிப்போக என் சித்தி மகன் கணேசன் தயாராக இருந்தான். பேட்டையிலேயே பட்டறை வைத்திருக்கும் அவன்தான் அப்பாவுக்கு அவசரத்துக்கு உதவுகிறவன்.

3

அப்போதுதான் அப்பா வினோதமான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார்.

"செல்வி, விழுங்க முடியாதவங்களுக்கு உங்க ஆஸ்பத்திரில எப்படிக் குடுப்பிய?" முதியோர் இல்லத்தை அவர் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லுவார்.

"ஏம்ப்பா? உங்களுக்குப் புரையேறுதா?"

"சும்மா கேட்டேன்."

"தண்ணியா இருந்தாத்தான் புரையேறும். தேன் ஒழுகுத மாதிரி கெட்டியா இருக்கணும். நிமிந்து உக்காரணும். நாடியைத் தாழ்த்திக்கிட்டு, ஒவ்வொரு வாயா முழுங்கணும். குடிச்ச உடனே படுக்கக் கூடாது."

"நாடியத் தாழ்த்தணும். ஒவ்வொரு வாயா. படுக்கக் கூடாது. சரி சரி."

அடுத்த வாரம் இன்னொரு கேள்வி. "ஒரு பக்கத்து வாய் வழியா ஒழுகுனா என்ன செய்யது?"

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும், பக்கவாதம். வீடியோவில் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். "அப்பா, சிரிங்க. நல்லாப் பல்லு தெரியச் சிரிங்க. ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

சிரித்தார். தூக்கினார். "என்னளா இது, போலீஸ்காரி மாதிரி கையத் தூக்கச் சொல்லுத?"

இரண்டு கையும் ஒரே உயரத்தில்தான் நின்றன. வாயும் கோணவில்லை. அப்படியானால் ஒழுகுகிற வாய் யாருடையது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் அப்பாவைச் சுற்றி வேறு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு நினைவில் இல்லை. அவர் அந்த வீட்டில் கெட்டிலோடும் கப்போடும் தனியாக இருப்பதாகத்தான் நான் மனதில் வைத்திருந்தேன். நான் வைத்துவிட்டு வந்தது அப்படித்தானே.

சென்னைக்குப் போக வேண்டிய தேதி நெருங்கியபோது அப்பா, "இப்பம் வேண்டாம்மா. தொண்டை சரியில்ல. பைய பாத்துக்கிடலாம்" என்றார்.

4

கணேசனைப் பிடித்து, அப்பாவைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். அன்று வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உணவு இடைவேளையில் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, டாக்டர் லைட் அடிச்சு, கம்பி விட்டு எல்லாம் பாத்துட்டாரு. தொண்டைல ஒண்ணுமில்லங்காரு."

"நல்லாப் பாத்தாராலே?"

"பாத்தாருக்கா. வெளிய வந்ததும் பெரியப்பா நாலு இட்லி, ஒரு வடை சாப்பிட்டாவ. புரையும் ஏறல, ஒண்ணும் ஏறல." குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னேன்னு சொல்லிராதக்கா. பெரியப்பாவுக்குத் தொண்டை வலியே கெடையாது. தங்கம் அத்தைக்குத்தான்."

தங்கம் அத்தை எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். உறவு இல்லை. அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அதனால் எனக்கு அத்தை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் தினமும் காலையில் வந்து முகம் துடைத்து, தலை சீவி, கஞ்சி ஊட்டியது அவள்தான். நான் விமானம் ஏறியதே அவளை நம்பித்தான்.

"அத்தைக்கு என்ன?"

"பக்கவாதம்லா. வலது பக்கம் விழுந்துட்டு. பேச்சும் கொழறுது. மாசம் ஆச்சே, உனக்குத் தெரியாதா?" கணேசன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "மவன் திருப்பூர்ல இருக்கான். மருமவ மில்லு வேலைக்குப் போறா, விடியும் முன்ன வேன் வந்துருது. சாயந்தரம் வரைக்கும் அத்தை தனியாத்தான் கெடக்கும். மத்தியானத்துக்கு எதுத்த வீட்டுல பாத்துக்கிடுதாவ. காலைல பெரியப்பாதான் கஞ்சி கலக்கிக் கொண்டுபோய்க் குடுக்காவ. தெருவுல ரெண்டு பேரு ரெண்டு விதமாப் பேசத்தான் செய்யுதாவ. பெரியப்பா காதுல போட்டுக்கிடல."

5

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. நிலா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவை அழைத்தேன். எங்கே ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. பொய் சொன்னதைப் பற்றி, வாங்கி வைத்த விசாத் தேதி வீணாகப் போவதைப் பற்றி, நான் பயந்து செத்ததைப் பற்றிப் பேசினேன். பேசிக்கொண்டே வந்து, பேசக்கூடாத இடத்தில் போய் நின்றேன்.

"அம்மைக்கு ஒரு நாளாவது ஒரு வாய் வெந்நி வச்சுக் குடுத்தியளாப்பா?"

அப்பா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது.

"இல்ல" என்றார். "நீ இதக் கேப்பன்னு தெரியும். அதனாலதான் சொல்லல. கேட்டா என்ன பதில் சொல்லதுன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல."

அப்பா போனை மறுபடி முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"உங்கம்மைக்குத் தங்கம் உள்ள ஊட்டிக்கிட்டு இருப்பா. நான் முன்னறையில பேப்பர வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எழுந்திரிச்சு உள்ள போகணும்னுதான் இருக்கும். போயி என்ன செய்யணும்னு தெரியாது. பொம்பளைய இருக்காவளேன்னு உக்காந்துருவேன். இப்பம் நீ கத்துக் குடுத்துட்ட, கலக்கத் தெரியுது. அவ அங்கன கெடக்கும்போது நான் மட்டும் இங்கன கலக்கிக் குடிக்க முடியுமா?" குரல் தணிந்தது. "நான் அங்க வந்துட்டா காலைல அவளுக்கு யாரு குடுப்பா, நீயே சொல்லு."

அவரே அழைப்பைத் துண்டித்தார். எப்போதும் நான்தான் முதலில் வைப்பேன்.

நிலா பையைத் தோளில் போட்டபடி நின்றிருந்தாள். எவ்வளவு புரிந்ததோ. "தாத்தா என்ன தப்பு பண்ணுது?" என்றாள் தமிழில்.

"தாத்தா பண்ணுதுன்னு சொல்லக் கூடாது. பண்ணுறாங்கன்னு சொல்லணும்." அந்த நேரத்திலும் எனக்கு அதைத் திருத்தத்தான் தெரிந்தது.

அவள் ஜெர்மனுக்கு மாறினாள். "நீ தினமும் வேற யாரோ ஒருத்தரோட அம்மாவுக்குக் காலையில கஞ்சி குடுக்கிற. தாத்தாவும் அதைத்தானே செய்றார்? உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

கேட்டுவிட்டு ஓடினாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கதவு சாத்திய பிறகுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. காரியம் முடிந்து கிளம்பும்போது தங்கம் அத்தையின் கையைப் பிடித்து, "அங்க போனதும் பேசுதேன் அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். போய்ச் சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வாரமும் நாளைக்கு என்று நினைத்து, நினைத்ததையே பேசிவிட்டது போல நிம்மதி அடைந்து, அப்படியே விட்டுவிட்டேன். அவள் விழுந்ததே எனக்குத் தெரியாது.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய், விருந்தாளி வரவில்லை என்று சொல்லி உறுதிமொழித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதே அதிகாரி. காரணம் கேட்டார். "பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டியிருக்கிறது" என்றேன். இந்த முறை வார்த்தை எதுவும் தப்பவில்லை. ஆனாலும் அவர் இரண்டு முறை கேட்டார்.

"உங்கள் உறவினரா?"

"இல்லை."

அவர் விரல் விசைப்பலகை மேல் சற்று நின்றது. பிறகு, "குடும்பக் காரணம் என்று போடுகிறேன்" என்றார்.

6

அம்மாவின் வருஷத் திதிக்கு நான் போனேன். நிலாவுக்குப் பரீட்சை என்று கணவர் இங்கேயே இருந்துகொண்டார்.

திதி முடிந்த மறுநாள் காலை, அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். மாவைக் குழைத்து, வெந்நீர் ஊற்றி, விடாமல் கலக்கி, கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்தார். மனசுக்குப் பிடிக்கவில்லை போல. இன்னும் கொஞ்சம் மாவைத் தனியாகக் குழைத்துச் சேர்த்தார். பட்டறையில் உருளையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாரே, அதே பார்வை.

"நானும் வரட்டாப்பா?"

"வாயேன்" என்றார். கப்பின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி எடுத்துக்கொண்டார்.

தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவைப் பார்க்காதது போல இருந்தார்கள். அப்பா கப்பைப் பார்த்தபடியே நடந்தார்.

தங்கம் அத்தை பாதியாகியிருந்தாள். வேலைக்குக் கிளம்பும் முன் மருமகள் அவளைக் கட்டிலில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தாள். வலது கை மடியில் வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. என்னைக் கண்டதும் கண் விரிந்தது. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கம், நாடியத் தாழ்த்து. ம். முழுங்கு. முழுங்கிட்டியா? அடுத்த வாய்."

நான் சொல்லிக் கொடுத்த சொற்கள். ஃபிராவ் க்ராமருக்கு நான் சொல்வதும் இவைதான். அம்மாவுக்கு நான் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. சில வாரம் கூட இருந்தபோதும் மருந்து, ரிப்போர்ட், டாக்டர் என்றுதான் அலைந்தேன். ஊட்டுவதற்கு அத்தை இருக்கிறாளே என்று விட்டுவிட்டேன். முன்னறையில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்ட கேள்வியை என்னையும் கேட்டிருக்கலாம்.

கஞ்சி முடிந்ததும் அப்பா துண்டால் அத்தையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, கப்பைக் கழுவப் புறவாசலுக்குப் போனார். அத்தை இடது கையை நீட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"செல்வி." என் பெயரே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. "ஏன்... ஒரு போனு... போடல?"

புறவாசலிலிருந்து அப்பா முந்திக்கொண்டார். "அவளுக்கு அங்கன வேலை ஜாஸ்தி தங்கம். நிக்க நேரம் கெடையாது."

எனக்காக அவர் சொன்ன பொய்யை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். அத்தையும் நம்பியிருப்பாள்.

"வேலை இல்ல அத்தை" என்றேன். "பயம். போன் போட்டா அம்மை கடைசில எப்படி இருந்தான்னு நீங்க சொல்லுவிய. அதக் கேக்க எனக்குத் தெம்பில்ல. அதான் போடல."

அத்தை என்னையே பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"இப்பம்... கேப்பியா?"

"கேக்கேன்."

அவள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, மூச்சு வாங்கி, சில சொற்களை மூன்று தடவை முயன்று சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. முடிக்காத சொல்லை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கடைசி நாள் காலையில் அம்மா தானாகவே எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாளாம். கஞ்சி சூடாக இருக்கிறது என்று அத்தையை ஏசினாளாம். "வாய வேக வச்சுருவ போலிருக்கேன்னா" என்று சொல்லும்போது அத்தையின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. பிறகு, ஆற்றிக் கொடுத்ததில் பாதி குடித்தாளாம். போதும் மதினி என்றாளாம்.

"மீதிய... கீழ ஊத்த... மனசு வரல." அத்தை என் கையை இறுக்கினாள். "நானே... குடிச்சிட்டேன்."

அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும்தான் அம்மா இருந்தாள்.

புறவாசலில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அப்பா குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு வந்து நிலைவாசலில் நின்றார். அந்தக் காலையில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரிகிறது.

"அன்னைக்கு என்ன கஞ்சி தங்கம்?" என்று கேட்டார்.

அத்தை யோசித்தாள். "நொய்க்கஞ்சி... அண்ணாச்சி. உப்புப் போட்டு."

அப்பா தலையை ஆட்டினார். கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், "நொய்க்கஞ்சி" என்று ஒரு தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.